குறை என்றால் இறுக்கு

அண்ணி உட்கார்ந்து நான் பார்த்தது குறைவு. சாப்பிடும்போதுகூடத் தட்டைக் கையில் ஏந்தியபடி ஒரு வாய் அடுப்படியில், ஒரு வாய் ஜன்னலோரம், கடைசி வாய் அவருடைய அப்பாவின் அறை வாசலில் என்று முடிப்பார். "உனக்குக் கல்யாணம் பண்ணி வச்சவங்க காலைக் கட்டி வைக்க மறந்துட்டாங்க" என்பான் அண்ணன். "கட்டினவர் நீங்கதானே. முடிச்சு சரியில்ல" என்பார் அண்ணி, அடுத்த அறையிலிருந்து.

நானும் அண்ணியும் வேலை பார்ப்பது டயப்பர் செய்யும் தொழிற்சாலையில். அங்கே அவருக்கு ஸ்பிரிங் அக்கா என்று பெயர். யார் வைத்தது என்று தெரியாது. வைத்தவர் அதிகம் யோசித்திருக்க வேண்டியதில்லை. அவர் நிற்கும் இடமும் அப்படிப்பட்டதுதான். மேலே வரிசையாகக் கண்டுகளில் ரப்பர் நூல். மெல்லியது, வெள்ளை. கண்ணுக்குத் தெரிவதைவிட விரலுக்குத்தான் நன்றாகத் தெரியும். அது இழுபட்டபடியே கீழே வரும், உருக்கிய பசை அதன்மேல் சூடாகத் தெளிக்கும், இரண்டு துணிகள் இருபுறமும் வந்து அதைப் பொத்திக்கொள்ளும், உருளைகள் அழுத்தும். துணி என்பது பேச்சுக்குத்தான். நெய்தது அல்ல, காகிதத்துக்கும் துணிக்கும் நடுவில் ஏதோ ஒன்று. வெட்டி விட்டதும் நூல் தன் அளவுக்குச் சுருங்கப் பார்க்கும். துணியும் வேறு வழியில்லாமல் கூடவே சுருங்கும். தொடையைச் சுற்றி வரும் அந்தச் சுருக்கம்தான் டயப்பருக்கு உயிர். அது பிடித்து நின்றால் ஒன்றும் வெளியே வராது.

நிற்காமல் போவதும் உண்டு. பசை குறைந்தாலோ, நூல் அளவுக்கு மேல் இழுபட்டிருந்தாலோ, உடம்புச் சூட்டில் பசை இளகும்போது நூல் மெல்ல நழுவித் துணிக்குள்ளேயே பின்வாங்கிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பதுபோல் இருக்கும். சுருக்கம் மட்டும் காணாமல் போயிருக்கும். "நூல் உள்ளே போயிடுச்சு" என்பார்கள் எங்கள் ஆட்கள், வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்ட ஒருவரைப் பற்றிச் சொல்வதுபோல.

அண்ணியின் அப்பா அப்படித்தான் உள்ளே போயிருந்தார். வாழ்நாள் முழுவதும் தபால்காரராக நடந்தவர். ஓர் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு சிறுநீர் அவர் சொல்பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டது. மகள் வீட்டுக்கு வந்தவர் அறையை விட்டு அதிகம் வெளியே வருவதில்லை. டயப்பர் என்ற சொல் அந்த வீட்டில் எழவே எழாது. "அது தீர்ந்துபோச்சா?" என்று அண்ணி கேட்பார். "இருக்கு" என்பார் அவர், சுவரைப் பார்த்து.

அவருடைய இளைய மகளுக்குக் கல்யாணம் முடிவாகியிருந்தது. வேறு ஊரில். பஸ்ஸில் நெடுநேரம் போக வேண்டும், பிறகு மண்டபத்தில் முன்வரிசையில் எல்லார் கண்ணும் படும்படி உட்கார வேண்டும். அவர் முதலில் முட்டி வலி என்றார். பிறகு கூட்டம் ஒத்துக்கொள்ளாது என்றார்.

"சின்னவ அழுவாப்பா."

"போன்ல பேசிக்கறேன்."

"கல்யாணத்தைப் போன்ல பார்ப்பீங்களா?"

"இப்பல்லாம் காட்டுறாங்கதானே."

அண்ணி அதற்குப் பிறகு வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். மடித்த துணியைப் பிரித்து மடித்தார். அவர் மனத்தில் இருந்ததெல்லாம் ஒன்றுதான்: அப்பா அந்த முன்வரிசை நாற்காலியில் உட்கார வேண்டும். உட்கார்ந்து, எழுந்து, நாற்காலியைத் திரும்பிப் பார்க்காமல் நடக்க வேண்டும்.

கல்யாணத்துக்கு முந்தின நாளுக்கும் முந்தின நாள் காலை, கொல்லைக் கொடியில் படுக்கை விரிப்பு ஒன்று ஈரமாகத் தொங்கியது. யாரும் எழுவதற்கு முன்னால் பெரியவரே அலசிப் போட்டிருந்தார். அலசியது தெரியக் கூடாதென்று அதன்மேல் தன் சட்டையையும் விரித்திருந்தார். அண்ணி சட்டையை விலக்கிப் பார்த்தார், திரும்ப அதே மாதிரி போட்டார், வேலைக்குக் கிளம்பினார். வழியெல்லாம் எனக்கு முன்னால் ஓடுவதுபோல் நடந்தார்.

அன்று பெரியவர்களுக்கான டயப்பர்தான் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் கூடத்தில் பேசினால் காதில் விழாது. எல்லாம் கை ஜாடைதான். மற்ற இடங்களில் உள்ளங்கையைக் கீழே அழுத்திக் காட்டினால் குறை என்று அர்த்தம். அண்ணியின் இடத்தில் மட்டும் அந்த ஜாடைக்குத் தடை. காரணம் அங்கே இருக்கும் பொத்தான். அது காட்டும் எண் நூலை விடுகிற உருளையின் வேகம். எண்ணைக் குறைத்தால் நூல் நிதானமாக வரும், துணியோ பழைய வேகத்திலேயே ஓடும், நூல் இன்னும் இழுபடும். அதாவது குறை என்றால் இறுக்கு. அதனால் அங்கே கையை மூடிக் காட்டினால் இறுக்கு, விரித்துக் காட்டினால் தளர்த்து. சேர்ந்த முதல் நாளே இதைச் சொல்லித்தான் உள்ளே விடுவார்கள்.

சூப்பர்வைசர் பேக்கிங் பகுதியிலிருந்து புதிதாக மாறி வந்தவர்; அவருக்கு இதை யாரும் சொல்லியிருக்கவில்லை. கால் பக்கம் அதிகம் சுருங்கி, மடிக்கும் இடத்தில் சிக்குகிறது என்று தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு அண்ணியை நோக்கி உள்ளங்கையைக் கீழே அழுத்தினார். இரண்டு முறை.

வேறு நாளாக இருந்தால் அண்ணி போய்க் கேட்டிருப்பார். அன்று அவரில் பாதி கொல்லைக் கொடியடியிலேயே நின்றுகொண்டிருந்தது. எண்ணைக் குறைத்தார்.

என் வேலை சோதனை மேசை. ஓடுகிற வரிசையிலிருந்து அவ்வப்போது சிலவற்றை எடுத்து இழுத்து அளந்து பார்ப்பேன். வந்தவை கைமுட்டி மாதிரி சுருண்டிருந்தன. நான் கையை விரித்துக் காட்டினேன். அண்ணி வந்து ஒன்றை எடுத்தார். அவருக்கு உடனே புரிந்துவிட்டது. எண்ணைப் பழைய இடத்துக்குக் கொண்டுபோய்விட்டுத் திரும்பி வந்து, அந்தச் சுருண்டதையே மறுபடி எடுத்து விரலால் இழுத்து இழுத்து விட்டபடி என் காதருகே வந்தார்.

"நல்லாத்தான் பிடிக்குது தம்பி."

"ரொம்ப இழுபட்டிருக்கு அண்ணி. சூட்டுல நிக்காது."

"பசை கூட இருந்தா நிக்கும். இன்னிக்குப் பசை நல்லாத்தான் விழுது."

"சூட்டுப் பெட்டியில வச்சுப் பார்த்தாத் தெரியும்."

"வை. யார் வேணாம்னா?"

சூப்பர்வைசர் வந்தார். ஜாடை காட்டிய கையில்தான் தவறு என்று, இயந்திரம் பழுது பார்க்கும் ஃபிட்டர் அவர் காதருகே விளக்கினார். "அப்ப நான் சொன்னதுக்கு நேர்மாறா?" என்று தன் உள்ளங்கையையே பார்த்தார் அவர். "உங்க மெஷினுக்கு எல்லாமே தலைகீழாத்தான் புரியுமா?"

"மெஷினுக்குச் சரியாத்தான் புரியுது சார். கைக்குத்தான் ஊர் மாறிப்போச்சு" என்றார் ஃபிட்டர்.

அந்த நேரத்தில் ஓடியவற்றைத் தனியாக ஒதுக்கிக் கழிவுக்கு அனுப்பச் சொன்னார்கள். கழிவில் வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம் என்பது எங்களுக்குள்ள சலுகை. அண்ணி ஒரு கட்டு எடுத்தார். நூல் அளவுக்கு மேல் இழுபட்டால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாததல்ல. புதிதாக வருகிறவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுப்பதே அவர்தான். ஆனால் அந்த இறுக்கம் அவருக்குப் பிடித்துவிட்டது. எதையாவது இறுக்கிப் பிடித்தாக வேண்டும் போலிருந்தது.

வீட்டுக்குப் போய் அப்பாவின் கட்டிலில் வைத்தார்.

"இது வேற. புதுசு. நல்லா இறுக்கமா இருக்கும். ஒண்ணும் ஆகாது."

பெரியவர் ஒன்றை எடுத்து, தபால் உறையின் பசையைச் சோதிப்பதுபோல ஓரத்தைத் தடவிப் பார்த்தார். அதைத் தலையணை அருகே வைத்துவிட்டு, "பஸ் எத்தனை மணிக்கு?" என்றார்.

அண்ணி அன்று மாலை பாடிக்கொண்டே பையைக் கட்டினார். பாட்டு பாதியில் நிற்கும், வேறு பாட்டு தொடங்கும்.

மறுநாள் அண்ணனும் அண்ணியும் விடுப்பில் இருந்தார்கள். மதியம் பஸ். நான் காலை வேலையை முடித்துவிட்டு நேரே பஸ் நிலையத்துக்கு வருவதாகப் பேச்சு. போனதும் சூட்டுப் பெட்டியைத் திறந்தேன். முந்தின நாள், அந்தச் சுருண்ட டயப்பர்களைப் பலகையில் இழுத்துக் குத்தி, நூலின் நுனி இருந்த இடத்தில் பேனாவால் கோடு போட்டு வைத்திருந்தேன். கோடு அங்கேயே இருந்தது. நூல் அங்கே இல்லை. ஒரு விரல் கணு தூரம் உள்ளே போய்ச் சுருண்டு கிடந்தது. ஒன்றில் மட்டும் அல்ல, வைத்திருந்த அத்தனையிலும்.

அண்ணிக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. கிளம்பும் அவசரத்தில் எந்தப் பைக்குள் போட்டாரோ. அண்ணனின் போன் எப்போதும்போல அணைந்திருந்தது. சோதித்த டயப்பர் ஒன்றைச் சுருட்டிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு ஓடினேன்.

பஸ் நின்றுகொண்டிருந்தது. பெரியவர் தேய்த்த சட்டையுடன் நடைமேடையில் நிமிர்ந்து நின்றார். பல மாதத்துக்குப் பிறகு அவர் உயரம் இவ்வளவு என்று தெரிந்தது. அண்ணி அவரையும் பஸ்ஸையும் பைகளையும் சுற்றி வந்துகொண்டிருந்தார். நான் அவரைத் தூணுக்குப் பின்னால் கூப்பிட்டு டயப்பரை விரித்துக் காட்டினேன். அவர் பேனாக் கோட்டைத் தொட்டார். பிறகு கோட்டிலிருந்து விரலை நகர்த்தி நூலைத் தேடினார்.

"எப்பலேர்ந்து போக ஆரம்பிச்சது?"

"நேத்து கிளம்பறப்பவே கொஞ்சம் நகர்ந்திருந்துச்சு. கண்ணுதான் ஏமாத்துதோன்னு விட்டுட்டேன்."

"போட்டுட்டார் தம்பி. வீட்லேர்ந்தே போட்டுட்டுத்தான் வந்திருக்கார்."

அண்ணன் விஷயத்தைக் கேட்டதும் எதிரிலிருந்த மருந்துக் கடைக்கு ஓடினான். ஓடிய வேகத்திலேயே திரும்பினான். "குழந்தைங்க சைஸ்தான் இருக்காம். பெரிசுன்னு கேட்டா, எந்தக் குழந்தை சார் அவ்வளவு பெரிசுங்கறான்."

"போக வேணாம்" என்றார் அண்ணி. "எனக்கு மயக்கம் வருதுன்னு சொல்றேன். எல்லாரும் வீட்டுக்குப் போயிடலாம். அவர் மேல பழி வராது."

"உன் தங்கச்சி கல்யாணம்."

"எனக்குத் தெரியாதா? நான் என்ன சொன்னேன்னு தெரியும்ல உங்களுக்கு? ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லியிருக்கேன். என் வாயால சொல்லியிருக்கேன்."

அவர் தூணைச் சுற்றி நடக்கத் தொடங்கினார். டயப்பர் கையிலேயே இருந்தது. இரண்டாவது சுற்றில் எதிரே அப்பா நின்றார்.

"என்ன அது?"

"ஒண்ணுமில்லப்பா."

"எங்க ஆபீஸ்லயும் ஒண்ணுமில்லன்னு சொல்லித்தான் கிழிஞ்ச கவரை நீட்டுவாங்க. காட்டு."

அண்ணி கொடுத்தார். பிறகு, கூட்டத்தில் சொல்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல், எல்லாவற்றையும் சொன்னார். எண், உள்ளங்கை, கொடியில் கிடந்த விரிப்பு, பேனாக் கோடு. "நான்தான்பா இழுத்தேன். தப்புன்னு தெரிஞ்சும் எடுத்துட்டு வந்தேன்."

விரிப்பு என்றதும் பெரியவரின் கழுத்து சிவந்தது. பஸ்ஸைப் பார்த்தார். திரும்பி வீட்டுப் பக்கம் போகும் சாலையைப் பார்த்தார். நாங்கள் மூவரும் அவர் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"சட்டையை விலக்கிப் பார்த்தியா?"

"பார்த்தேன்."

"பார்த்துட்டு ஏன் பேசல?"

"நீங்க பேசினீங்களா?"

அவர் டயப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உடனே போகாதுல்ல இது? கொஞ்ச நேரம் தாங்கும்ல?"

"தாங்கும்" என்றேன் நான். "சூடு ஏற ஏறத்தான் நழுவும். ரெண்டு மணி நேரம் வரைக்கும் பயமில்ல மாமா."

"பையில எத்தனை இருக்கு?"

"மூணு. எல்லாம் இதே கட்டுதான்" என்றார் அண்ணி.

பெரியவர் நேரே கண்டக்டரிடம் போனார். அவர் படியில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, நடுவழியில எங்கயாவது நிறுத்துவீங்களா?"

"இது நிக்காத வண்டி பெரியவரே. எதுக்கு?"

பெரியவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு, பதிவுத் தபாலில் பெயரை வாசிக்கிற குரலில் சொன்னார்: "டயப்பர் மாத்தணும்."

"குழந்தை எங்க?"

"எனக்குத்தான்."

கண்டக்டர் டீயை முடித்தார். "பெட்ரோல் பங்க்ல நிறுத்தறேன். நல்ல பாத்ரூம் இருக்கு. எனக்கும் சுகர்தான், சும்மா சொல்லக் கூடாது, நானும் அங்கதான் ஒதுங்கறது." பிறகு உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார்: "வழியில ஒரு இடத்துல நிக்கும். யாருக்கு இறங்கணுமோ அப்பவே இறங்கிக்கங்க, அப்புறம் என் உயிரை எடுக்காதீங்க."

பஸ் கிளம்பியது. அண்ணி வழியெல்லாம் பாதி இருக்கையில்தான் இருந்தார். மீதிப் பாதி அப்பாவின் இருக்கைப் பக்கம் சாய்ந்திருந்தது. "ஈரமாத் தெரியுதாப்பா?" என்று காதில் கேட்டார். கேட்டுக்கொண்டே இருந்தார்.

"இன்னொரு தடவை கேட்டா நான் இறங்கி நடந்துடுவேன்" என்றார் பெரியவர். "நடந்தா உன்னால என்னைப் பிடிக்க முடியாது."

பெட்ரோல் பங்கில் பாதி பஸ் இறங்கியது. நிக்காத வண்டியில் இத்தனை பேர் எப்படிப் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள் என்று தெரியவில்லை. பெரியவர் வரிசையில் தன் முறைக்கு நின்றார். அண்ணி பையோடு கதவுவரை போனார். அவர் பையை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார். அண்ணி வெளியே, காற்று அடிக்கும் குழாய்க்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே, நடந்துகொண்டிருந்தார்.

கதவு திறந்தது. பெரியவர் கையைத் துடைத்தபடி வந்தார்.

"உள்ளே போயிருந்துச்சாப்பா நூல்?"

"போக ஆரம்பிச்சிருந்துச்சு. நல்லவேளை, அவ்வளவுதான்." பையைத் திறந்து எண்ணினார். "இனி ரெண்டு. மண்டபத்துக்கு ஒண்ணு ஆகும், ராத்திரிக்கு ஒண்ணு. நாளைக்கு முகூர்த்த நேரத்துக்கு இல்ல. இறங்கினதும் பெரிய கடையாப் பார்த்து வாங்கிடு."

"வாங்கிடறேன்பா."

"உங்க கம்பெனிது வேணாம்."

அண்ணி நின்றுவிட்டார். "வேற கம்பெனிதா? அவங்க பசை எப்படி விழும்னு தெரியுமா உங்களுக்கு? நான் கையில எடுத்துப் பார்த்திருக்கேன்பா. கால் பக்கம் பாதி இடத்துல பசையே இருக்காது."

"இருக்கட்டும்."

"ஒரு தடவை கை தவறினதுக்கு இப்படியா? மத்த நாள்லாம் எங்களுது எப்படி நிக்கும்னு தம்பியைக் கேளுங்க."

"அவன் உன் கொழுந்தன். வேற என்ன சொல்லுவான்?"

கண்டக்டர் விசில் ஊதினார். இருவரும் பேசிக்கொண்டே படியேறினார்கள். "டயப்பர்ல நல்லது எது, மட்டம் எதுன்னு எனக்கா சொல்றீங்க?" என்று அண்ணி கேட்டது பஸ் முழுக்கக் கேட்டது. முன் இருக்கையிலிருந்த ஓர் அம்மாள் திரும்பி, தன் மாமியாருக்கு எது நல்லது என்று கேட்டார். அண்ணி வாயைத் திறப்பதற்குள் பெரியவர் பதில் சொல்லத் தொடங்கியிருந்தார்.