இடக்கையால் சூப்பு குடித்த நடிகர்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுத்து சீராக வராது. முன்னுக்கு நடந்ததைப் பின்னுக்கு எழுதிவிடுவேன். பெயர்கள் மனதில் நிற்பதே இல்லை. நான் எழுதப்போகும் இந்த நடிகரின் பெயரை மகள் பிறகு எத்தனையோ தரம் சொல்லித் தந்தாள். சொன்ன அன்றே மறந்துவிடும். ஆனாலும் அவருக்கு ஒரு நன்றி சொல்லாமல் போவது சரியில்லை என்று படுகிறது.

அப்போது நாங்கள் பிரெஞ்சு பேசுகிற இந்த நகரத்தில், சென்ட் லோரன்ட் என்ற பகுதியில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். நான், கணவர், மகள். மகளுக்கு மருந்துத் தொழிற்சாலையில் வேலை. காலையில் போனால் பொழுதுபட்டுத்தான் வருவாள். முதல் பனி விழுந்த கிழமையில் கணவருக்குப் பாரிசவாதம் வந்தது. வலக்கையும் வலக்காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. ஆமாம் என்பதற்கு நாங்கள் சொல்கிற ‘ஓம்’ என்ற ஒரு சொல் மட்டும் மிஞ்சியது. வேண்டும் என்றாலும் ஓம், வேண்டாம் என்றாலும் ஓம். முகத்தைப் பார்த்துத்தான் எந்த ஓம் என்று கண்டுபிடிக்க வேண்டும்.

மத்தியானங்களில் ஒரு பிரெஞ்சுத் தொலைக்காட்சியில் பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் போடுவார்கள். பொன்ஜூர், மெர்சிக்கு மேல் எனக்குப் பிரெஞ்சு தெரியாது. வீட்டில் மனிதச் சத்தம் கேட்கட்டும் என்று போட்டுவிடுவேன். அப்படித்தான் அவரைக் கண்டேன்.

நீண்ட முகம், கொஞ்சம் தொய்ந்த தோள். கதாநாயகன் அவர்தான் என்று எனக்குப் பிடிபடவே பாதிப் படம் போய்விட்டது. எங்கள் ஊர்க் கொட்டகையில் நான் பார்த்த கதாநாயகர்கள் துக்கம் வந்தால் தூணைக் கட்டிப்பிடித்து அழுவார்கள், நாங்களும் சேர்ந்து அழுவோம். இவர் அப்படி இல்லை. ஒரு படத்தில் ரயில் நிலையத்தில் ஒருவர் வந்து அவரிடம் ஏதோ சொல்கிறார். மொழி தெரியாவிட்டாலும் சாவுச் செய்தி என்று விளங்கியது. இவர் தொப்பியைக் கழற்றினார். பிறகு போட்டுக்கொண்டார். பிறகு, போட்டதை மறந்து, தொப்பி எங்கே என்று பக்கத்தில் உட்காருகிற வாங்கில் தேடினார். அவ்வளவுதான் நடிப்பு.

எனக்கு ஒரு பழைய நாள் நினைவு வந்தது. ஊரில் ஷெல் விழுந்து அவருடைய தம்பி செத்துப்போனான் என்று தொலைபேசியில் சொன்ன அன்று, என் கணவர் வயரை விரலில் சுற்றிக்கொண்டு நின்றார். பிறகு, “அங்கை மழையோ?” என்று கேட்டார். அதை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை. எங்கோ இருந்த ஒரு வெள்ளைக்காரருக்கு அது எப்படித் தெரிந்தது?

அன்றிலிருந்து அவருடைய படம் வந்தால் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்காருவேன். மற்றவர்கள் பேசும்போது இவர் கேட்டுக்கொண்டு நிற்பார். கேட்பதையே ஒரு வேலையாகச் செய்யும் நடிகரை நான் வேறு கண்டதில்லை.

“பிள்ளை, அந்தப் பிரெஞ்சுக்காரற்றை படம் இண்டைக்கும் போட்டவங்கள்,” என்று ஒருநாள் மகளிடம் சொன்னேன்.

அவள் திரையைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். “ஐயோ அம்மா, அந்தாள் அமெரிக்கன். ஹொலிவூட் படத்துக்குப் பிரெஞ்சுக் குரல் போட்டிருக்கினம். உது வேறை ஆரோ கதைக்கிறது.”

“அப்ப அவற்றை சொந்தக் குரல் எப்பிடி இருக்கும்?”

“ஆருக்குத் தெரியும்? மரக்கட்டை மாதிரியெல்லோ நிக்கிறார்.”

“மரக்கட்டையோ? வடிவாப் பாத்திட்டுக் கதை பிள்ளை.”

“அப்பா, கண்டியளே! வயசுபோன காலத்திலை அம்மாவுக்கு ஒரு ஹீரோ. நீங்கள் கவனமா இருங்கோ.”

“ஓம்,” என்றார் கணவர். அவர் வருத்தம் வந்து படுத்த பிறகு மூன்று பேரும் சேர்ந்து சிரித்தது அன்றுதான்.

ஆனால் சாப்பாடுதான் பெரும் பாடாக இருந்தது. சோற்றுக் கை விழுந்துவிட்டது. நான் வாயில் தீத்தினால் பல்லைக் கடித்துக்கொள்வார். பயிற்சி கொடுக்க வந்த பெண் இடக்கையில் கரண்டியை வைத்தாள், அதை எறிந்துவிட்டார். அவளுக்கு அது விளங்கவில்லை. இந்த நாட்டில் எந்தக் கையாலும் சாப்பிடுவார்கள். எங்களுக்கு இடக்கை கழுவுகிற கை. அதை வாய்க்குக் கொண்டுபோவதை விடப் பட்டினி கிடக்கலாம் என்று நினைக்கிற மனிதர் அவர். உடம்பு உருகிக்கொண்டே வந்தது. இன்னும் மெலிந்தால் வயிற்றில் துளையிட்டுக் குழாய் வைக்க வேண்டும், அடுத்த முறை வரும்போது முடிவெடுப்போம் என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

அந்த நாட்களில்தான் அந்தப் படம் வந்தது. அதில் அந்த நடிகருக்கு வலக்கை முழுவதும் கட்டு. ஒரு வீட்டில் மேசைக்குக் கூப்பிட்டுச் சூப்பு வைக்கிறார்கள். கரண்டியைப் பார்க்கிறார். கோப்பையைக் கிட்ட இழுக்கிறார். இடக்கையால் அள்ளுகிறார். பாதி சட்டையில் கொட்டுகிறது. கொட்டிய இடத்தை ஒருதரம் பார்த்துவிட்டுத் திரும்ப அள்ளுகிறார். ஐயோ பாவம் என்று எங்களைச் சொல்லவைக்க அவர் முயற்சி செய்யவில்லை. பசித்தது, குடித்தார். எதிரே இருந்த பெண் எழுந்து போகவுமில்லை, உதவி செய்யவுமில்லை. யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நான் திரும்பிப் பார்த்தேன். கணவர் கண்வெட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். போர்வைக்கு மேலே அவருடைய இடக்கை விரல்கள் மடங்கியிருந்தன, கரண்டி பிடித்தது போல. நான் ஓடிப்போய்ச் சாப்பாடு எடுத்து வருவதற்குள் படத்தில் காட்சி மாறிவிட்டது. கணவரும் மாறிவிட்டார், விரல்கள் விரிந்துவிட்டன.

அந்தப் படம் திரும்ப வரவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் நாள் கிட்டியது. பழைய படங்கள் வாடகைக்குக் கொடுக்கும் கடை டவுன்டவுனில் இருக்கிறது என்று மகள் என்னைக் கூட்டிப்போனாள்.

“பேர் தெரியாமல் என்னெண்டு அம்மா கேக்கிறது?” என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள்.

கடையில் இருந்த பெண் ஒவ்வொரு டிவிடியாக எடுத்துக் காட்டினாள். எல்லாம் பெரிய நடிகர்கள், மினுங்குகிற முகங்கள். அவர் இல்லை. நான் பஸ்ஸில் மணி அடிக்கக் கூசுகிறவள். என்றாலும் அன்றைக்கு வேறு வழி இல்லை. வலக்கையைக் கோட்டுக்குள் செருகினேன். இடக்கையால் இல்லாத சூப்பை அள்ளி, இல்லாத கரண்டியில் இருந்து நெஞ்சில் ஊற்றி, அந்த இடத்தைப் பார்த்துவிட்டுத் திரும்ப அள்ளினேன். கடையில் நின்றவர்கள் எல்லோரும் பார்த்தார்கள்.

“ஆ, லுய்!” என்று அந்தப் பெண் உள்ளே ஓடினாள். ‘ஓ, அவரா’ என்று அர்த்தமாம். ஒரு டிவிடியைத் தூசி தட்டிக்கொண்டு வந்து ஏதோ சொன்னாள்.

“இந்தாளை ஒருத்தரும் கேட்டு வாறேல்லையாம்,” என்றாள் மகள். “மற்ற நடிகர்மாருக்கு இடம் விட்டு விட்டே காலம் போக்கினவராம். தனக்கும் இவரைத்தான் பிடிக்குமாம்.”

அடுத்த நாள் மத்தியானம் சோற்றையும் பருப்பையும் பால் விட்டுக் குழைத்துக் கோப்பையில் போட்டு, கரண்டியோடு கணவருக்கு எதிரே வைத்துவிட்டுப் படத்தைப் போட்டேன். நடிகர் வாய் திறந்து பேசினார். ஆங்கிலம். மெல்லிய, மூக்கால் வருகிற குரல். கணவர் என்னை ஒரு பார்வை பார்த்தார், ஆளை மாற்றி ஏமாற்றிவிட்டாயே என்பது போல. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அது அவருடைய சொந்தக் குரல் என்று இவருக்கு நான் எப்படி விளக்குவது? எனக்கே அந்நியமாக இருந்தது.

சத்தத்தை முழுவதும் நிறுத்தினேன்.

“இஞ்சாருங்கோ, இப்ப பாருங்கோ. அவர்தான்.”

கணவர் மெல்லத் திரும்பினார். குரல் போனதும் எங்கள் நடிகர் வந்துவிட்டார். அதே தோள், அதே தொப்பி. ஒரு மொழியும் வேண்டியிருக்கவில்லை. திரையில் மேசை வந்தது, சூப்பு வந்தது. அவர் கோப்பையைக் கிட்ட இழுத்தார். எனக்கு அப்போதுதான் ஒன்று உறைத்தது. இத்தனை நாளும் நான் கணவரின் வாயையே பார்த்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்திருந்தேன். எழுந்து நாற்காலியை யன்னல் பக்கம் திருப்பிப் போட்டு, வெளியே பனியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கோப்பையில் கரண்டி முட்டும் சத்தம் கேட்டது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு முறை. நான் திரும்பவில்லை.

குழாய் வைக்கவில்லை. அதற்குப் பிறகும் சில பனிக்காலங்கள் கணவர் எங்களோடு இருந்தார். விருந்தினர் வந்தால் இடக்கையைப் போர்வைக்குள் ஒளித்துக்கொள்வார். மற்ற நாட்களில் தானே சாப்பிட்டார்.

அந்தக் கடை இப்போது இல்லை. படத்தில் கட்டுப் போட்டிருந்தது இடக்கை, சூப்புக் குடித்தது வலக்கை என்று மகள் சொல்கிறாள். என் கண்ணுக்குள் இடக்கையால் குடிப்பதுதான் நிற்கிறது. இதை வாசிக்கிறவர்களில் யாராவது அந்தப் படத்தைத் தேடிப் பார்த்து, எந்தக் கை என்று சரிபார்த்துச் சொல்லுங்கள். நான் பிழையாக எழுதியிருந்தால் திருத்திவிடுங்கள். அப்படியே அந்த நடிகருடைய பெயரையும் சரியாக எழுதி விடுங்கள்.