கடைசி போர்டில் குவிந்தது

நானும் எனக்கு ஜூனியரான அவளும் ஒரே பேராசிரியரிடம் ஆராய்ச்சி செய்தோம். கணக்கு என் பாடு, கருவி அவள் பாடு. குவாண்டம் துகள்கள் ஆற்றலை இழந்துகொண்டும் வெளியிலிருந்து வாங்கிக்கொண்டும் இருந்தால் எப்படி நடந்துகொள்ளும் என்பதுதான் கேள்வி. துகளையே பிடித்துப் பார்க்க எங்களுக்கு வசதி கிடையாது. அதே சமன்பாட்டுக்குக் கட்டுப்படும் மின்சுற்று ஒன்றை, சின்னச் சின்ன போர்டுகளை வரிசையாகக் கோத்து, வாணியம்பாடிக்காரியான அவள் செய்தாள். அதில் வலப்பக்கம் போகும் அலைக்குத் தெம்பு கூடும். இடப்பக்கம் போவது தேயும்.

அலை எல்லா போர்டுகளிலும் பரவி நிற்க வேண்டும் என்றது என் கணக்கு. அவள் அளந்தபோதெல்லாம் அது வலக்கோடியில் குவிந்தது.

"சிக்னல எங்க குடுத்தாலும் கடைசி போர்டுலதான் போய் சேருதுக்கா," என்றாள்.

"சால்டரிங் சரியில்ல. பிரிச்சுட்டு மறுபடி வை," என்றேன். மூன்று முறை பிரிக்க வைத்தேன். மூன்று முறையும் அதே குவியல். 'கருவிப் பிழை' என்று நோட்டில் அவளையே எழுதச் சொன்னேன். வாய்க்கொழுப்புக்கு என்னிடம் என்றுமே பஞ்சம் கிடையாது. அடுத்த மாதம் அவள் படிப்பை விட்டுவிட்டாள்.

இந்த வருடம் சாமை அறுப்புக்கு நெல்லிவாசல்நாட்டில் எங்கள் வீட்டுக்குப் போனபோது, ஆய்வேட்டை முடிக்கப் பழைய கணக்கைத் திறந்தேன். சுலபத்துக்காக வரிசையின் இரு நுனிகளையும் சேர்த்து வளையமாக்கியிருந்தேன். எல்லாரும் செய்வதுதான், ஆற்றல் கூடாமல் குறையாமல் இருக்கும் இடத்தில் அதனால் பெரிய வித்தியாசம் வராது. ஏதோ தோன்றி அந்த இணைப்பை அறுத்துவிட்டுக் கணக்கைக் கணினியில் ஓட்டினேன். எல்லாம் கடைசி போர்டில் போய்க் குவிந்தது. என் வளையத்தில் அலை குவிய நுனியே இருந்ததில்லை.

கைப்பிழை என்றால் ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் அல்லவா வந்திருக்கும்? சின்னக் கோளாறுகளுக்கெல்லாம் அசையாத குணத்தைத் தேடுவதுதான் எங்கள் வேலையே. அது மூன்று முறை அவள் மேசைக்கு வந்தது. நான்தான் துரத்தினேன்.

"இன்னாடி, பேயறஞ்ச மாதிரி குந்தினுகிற?" என்றாள் அம்மா.

"ஒருத்திக்கு அநியாயம் பண்ணிட்டேம்மா."

"அத்த அவகிட்ட போய் சொல்லு. இங்க குந்தினு இன்னா பண்ற?"

மறுநாள் மலையிலிருந்து ஜீப்பில் இறங்கி, பஸ் மாறி, அவள் வீட்டுக்குப் போனேன். டீ கொடுத்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். திரும்பி வா, உன் பெயரை முதலில் போட்டு எழுதலாம் என்றேன்.

"வூட்ல மிக்சி ஒயர் அறுந்தாக்கூட நான் தொடறதில்லக்கா. ஆள கூப்புட்டுதான் பாக்குறோம். எங் கையப் பாத்து எனக்கே பயம் வந்துட்ச்சு."

எனக்கு அழுகை வந்தது. அவளுக்கு வரவில்லை.