மூன்றாவது சிலிண்டர்

அண்ணனுடைய காரில் இரண்டு பேர்தான் உட்கார முடியும். நம் நாட்டிலேயே கொஞ்ச காலம் தயாரித்துப் பிறகு நிறுத்திவிட்ட ஸ்போர்ட்ஸ் கார். தாழ்வான சிவப்பு வண்டி, மடக்கக்கூடிய துணிக்கூரை. கலெக்டர் ஆபீஸில் கிளார்க்காக இருந்த அண்ணன், ஆசிரமத்துப் பக்கம் வாடகை அறையில் தங்கியிருந்த ஒருவரிடம் அதைப் பழசாக வாங்கினார். ஞாயிற்றுக்கிழமைகளில் வேங்கிக்கால் வீட்டு வாசலில் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஏதாவது கழற்றுவார், மாட்டுவார். அண்ணி அந்தக் காரைச் ‘சக்களத்தி’ என்றுதான் சொல்வார்.

அண்ணனுக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று டாக்டர் சொன்னபோது அறைக்குள் நானும் அண்ணியும் மட்டும் இருந்தோம். எங்கள் குடும்பத்தில் நோயாளியிடம் நோயின் பெயரைச் சொல்லும் வழக்கம் இல்லை. வெளியே பெஞ்சில் காத்திருந்தவரிடம் போய், “அல்சர்தானாம்ணா. காரம் கம்மி பண்ணச் சொல்றாங்க” என்றேன். முப்பது வருடம் செய்தித்தாளில் வேலை பார்த்தவன் நான். அந்தச் சொல்லைத் தேட எனக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை.

நாலு மாதத்தில் அவரால் வாசல்வரைகூட நடக்க முடியாமல் போனது. அப்போது அவர் கேட்டது ஒன்றுதான். ஒரு தடவை மலையைச் சுற்றி வர வேண்டும், அவர் காரிலேயே. நான் ஓட்ட வேண்டும்.

ஒரு புதன்கிழமை விடியற்காலையில் கிளம்பினோம். அண்ணி காருக்குப் பின்னால் ஆட்டோவில் வர மறுத்துவிட்டார். வெறுங்காலோடு அண்ணன் பக்கக் கதவை ஒட்டி நடந்தார். கிரிவலம் அவசரப்படாமல் போக வேண்டியது. நிறைமாதப் பெண் நடக்கிற மாதிரி என்பார்கள். ஆகவே அண்ணியின் வேகம்தான் காரின் வேகம். பதினாலு கிலோமீட்டரும் முதல் கியரில்.

பாதையிலுள்ள ஒவ்வொரு லிங்கக் கோயிலின் முன்னாலும் நிறுத்தினோம். அண்ணி மட்டும் உள்ளே போய் விபூதி வாங்கி வந்து அவர் நெற்றியில் வைப்பார். அதுவரை எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும்.

“ஆஃப் பண்ணாதடா. செல்ஃப் சரியில்ல. திரும்ப ஸ்டார்ட் ஆவலன்னா நீதான் தள்ளணும்” என்றார் அண்ணன்.

அடி அண்ணாமலை கடந்த பிறகு டேஷ்போர்டில் ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்தது. அது எரிந்தால் உடனே எஞ்சினை நிறுத்த வேண்டும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் தொடங்கிய கிரிவலத்தைப் பாதியில் விட்டுவிட்டுத் திரும்புவதில்லை. அண்ணன் என்னைத் தாண்டி வலப்பக்கம் மலையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. குபேர லிங்கம் நெருங்கும்போது அடியிலிருந்து சத்தம் தொடங்கியது. யாரோ உள்ளேயிருந்து சின்னச் சுத்தியலால் தட்டுவது போல. வீடு வந்து சேர்ந்தபோது அது நன்றாகவே கேட்டது.

“பாய்கிட்ட காட்டு. என்னனு கேட்டு வந்து சொல்லு” என்றார் அண்ணன். அதன் பிறகு தினமும் அதையே கேட்டார். சாப்பிட்டீர்களா என்று அண்ணி அவரைக் கேட்டால், காரைக் காட்டினானா என்று அவர் திருப்பிக் கேட்பார்.

மெக்கானிக் பாயின் ஒர்க்‌ஷாப் செங்கம் ரோட்டில் ஒரு தகரக் கொட்டகை. இத்தனை வருடமாக அந்தக் காரை அண்ணனைத் தவிர அவர் ஒருவர்தான் தொட்டிருக்கிறார்.

“ரெண்டு சீட்டு வண்டி. மாமியார ஏத்த முடியாது. அதுக்கே வாங்கலாம் சார்” என்று சிரித்துக்கொண்டே பானெட்டைத் திறந்தார். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

“டேப்பெட்டா இருக்குமா?” என்றேன். டேப்பெட் என்றால் எஞ்சினின் மேல்மூடியைக் கழற்றி வால்வு இடைவெளியைச் சரிசெய்கிற அரை நாள் வேலை.

“டேப்பெட்டுன்னா மேல இருந்து வரும், சன்னமா. இது அடியில இருந்து வருது. சூடு ஏற ஏற ஜாஸ்தியாவுது பாருங்க.”

நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை எஞ்சினில் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். இடத்தை மாற்றி மாற்றி வைத்தார். பிறகு பிளக் வயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். முதல் வயரைப் பிடுங்கியபோது எஞ்சின் தடுமாறியது, சத்தம் மாறவில்லை. இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவதைப் பிடுங்கியதும் தட்டுவது பாதியாக அடங்கியது. திரும்ப மாட்டினார், தட்டியது. பிடுங்கினார், அடங்கியது.

ஆயிலை வடித்து, வெள்ளைத் துணியில் கொஞ்சம் ஊற்றி வெயிலில் காட்டினார். துணி முழுக்கச் செம்புப் பொடி மினுங்கியது.

“ராடு பேரிங் சார். மூணாவது சிலிண்டரு. கிராங்கையும் சாப்ட்டிருக்கும், எஞ்சினயே இறக்கணும். ரொம்ப நேரம் ஸ்லோவுலயே ஓட்டினீங்களா?”

“மலை சுத்தினோம்.”

பாய் பானெட்டை மூடினார். “இதுக்கு சாமான் கிடைக்காது சார். கிடைச்சாலும் மாசக்கணக்காவும்” என்று சொல்லிவிட்டுத் துணியை மடித்தார். “அவர்கிட்ட இன்னா சொல்லப் போறீங்க?”

மறுநாள் காரைக் கட்டி இழுத்துக்கொண்டுவந்து வாசலில் விட்டோம். ஜன்னல் ஓரக் கட்டிலில் அண்ணன் எழுந்து உட்கார்ந்திருந்தார். அண்ணி சமையலறையில் இருந்தார்.

“இன்னாவாம்?”

“டேப்பெட்தாண்ணா. அட்ஜஸ்ட் பண்ணா போதுமாம்.”

அவர் என் முகத்தைப் பார்த்தார்.

“டேப்பெட்டுக்கு எவண்டா வண்டியக் கட்டி இழுத்துனு வருவான்? நான் பக்கத்து சீட்லதான உக்காந்துருந்தேன். சூடாவ சூடாவ ஜாஸ்தியாச்சு. லைட்டு எரிஞ்சதையும் பாத்தேன். நீயும் சொல்லல, நானும் சொல்லல.”

வெளியே தண்ணி லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அது போகும்வரை அவர் காத்திருந்தார்.

“அல்சருன்னு சொன்னியே. அதுவும் டேப்பெட்தானா?”

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. நான் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து சொன்னேன். டாக்டர் சொன்ன பெயரை, எந்த இடத்தில், எவ்வளவு பரவியிருக்கிறது, எத்தனை மாதம் என்றார், அதில் எத்தனை கழிந்துவிட்டன என்பது வரை. அண்ணி கதவருகே வந்து நின்றார். தடுக்கவில்லை. அண்ணன் கேட்டுக்கொண்டார். இடையில் ஒரே ஒரு கேள்வி கேட்டார், வலி இதைவிட ஜாஸ்தியாகுமா என்று. ஆகும் என்றேன்.

பிறகு, “ஸ்டார்ட் பண்ணு. ஒரு நிமிஷம்” என்றார்.

வாசலுக்குப் போய்ச் சாவியைத் திருப்பினேன். பாய் புது ஆயில் ஊற்றியிருந்தார். மூன்றாவது முயற்சியில் எஞ்சின் பிடித்துக்கொண்டது, உடனே தட்டத் தொடங்கியது. ஜன்னல் கம்பிகளுக்குப் பின்னால் அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். கையைக் காட்டினார், நிறுத்தினேன்.

“நாலாவது சிலிண்டரு” என்றார்.

அதை அப்படியே விட்டிருக்கலாம்.

“இல்லண்ணா. மூணாவது. பாய் வயரப் புடுங்கிப் பாத்தாரு.”

“மூணாவதா?” என்று யோசித்தார். “சரி, மூணாவது.” தலையணையில் சாய்ந்துகொண்டு கண்ணை மூடினார். “இனிமே எதுவா இருந்தாலும் இப்பிடியே சொல்லிடு.”

அதன் பிறகு அவர் ஏழு வாரம் இருந்தார். கேட்டதற்கெல்லாம் சொன்னேன். கடைசி வாரத்தில் அவர் எதுவும் கேட்கவில்லை.