யூஜினா கழிக்க மறுத்த எடை

யூஜினாவைப் பிடிவாதக்காரி என்பார்கள். நானும் அதையேதான் சொல்கிறேன், பெருமையாக. அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டத்தில், எங்கள் லயத்து வரிசை வீட்டில், பக்கத்துக் காம்பரா அறையில் பிறந்தவள். உயர்தரப் பரீட்சையில் இரசாயனவியலில் முதல் தடவை கோட்டை விட்டாள். "படிப்பிக்க டீச்சரே இல்லாத பாடம், வேற என்னத்த வாங்குறது?" என்றவள், மறு வருடம் தானே படித்து 'ஏ' எடுத்தாள்.

இப்போது கண்டியில் ஒரு ஆய்வுகூடத்தில், மின்சாரத்தைச் சேமிக்கும் தகடு செய்கிறாள். மங்கனீசு ஒட்சைட்டு மின்னைப் பிடித்து வைக்குமாம், ஆனால் அதற்குள் மின் லேசில் ஓடாதாம். ஓட வழிவிடுவது காபன் நனோ குழாய். பார்த்தால் வெறும் கரித்தூள். இரண்டையும் கலந்து பூசினால்தான் தகடு வேலை செய்யும். ஒரு கிராம் தகட்டில் எவ்வளவு பிடிக்கிறது என்பதே கேள்வி. மூன்று வருடம் மாரடித்து அவள் கண்ட விடை இருநூற்றுப் பன்னிரண்டு அலகு.

போன மாசி மாதம் லீவில் வந்திருந்தாள். வெளிநாட்டில் மேலே படிக்கும் இடத்துக்கு வந்த மறுநாள் மாலை ஐந்து மணிக்குள் விண்ணப்பிக்க வேண்டும். எங்கள் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் மடுவத்தடியில்தான் போனுக்கு சிக்னல் வரும். நாங்கள் சாக்குகளோடு வரிசையில் நிற்க, அவளுடைய பேராசிரியர் முத்துலிங்கம் போனில் கூப்பிட்டார். அவரும் டிக்கோயாத் தோட்டத்தில் பிறந்தவர்தான். இரைச்சலில் கேட்காமல் ஸ்பீக்கரில் போட்டாள்.

"காபன எடையில சேக்காதம்மா. ஒட்சைட்ட மட்டும் வச்சு வகுத்தா ஐந்நூத்தி முப்பது வரும்."

"காபன் இல்லாம தகடே வேல செய்யாதே, சேர்?"

"நம்ம தோட்டத்துப் புள்ள ஒன்னு மேல வரட்டும்னுதான் சொல்றேன். இருநூத்திப் பன்னெண்டுக்கு என் சிபாரிசு கெடைக்காது."

ஐந்நூத்தி முப்பதையே போட்டுத் தொலையேண்டி என்று மனதுக்குள் கத்தினேன்.

"வேல செஞ்சது அத்தனையும் எடையில வரணும், சேர்" என்றாள். "இங்க எங்கம்மா எடுத்த கொழுந்தக் கழிக்கிறாங்க. அங்க நான் காபனக் கழிக்கவா? மாட்டேன்."

அவர் லைனைத் துண்டித்தார். சிபாரிசு இல்லாமலே இருநூற்றுப் பன்னிரண்டைப் போட்டு விண்ணப்பத்தை அனுப்பினாள். எனக்குத்தான் அழுகை வந்தது.

வரிசையில் அவளுடைய அம்மா ஜோசப்பீன் அக்காவின் முறை வந்தது. தராசு பத்தொன்பது கிலோ காட்டியது. "சாக்குக்கு ஒன்னு, ஈரத்துக்கு ஒன்னு. பதினேழு, அரைப்பேர்" என்றார் எடை எழுதும் கணக்கப்பிள்ளை. பதினெட்டுக்கு ஒரு கிலோ குறைந்தால் அரை நாள் சம்பளம்தான். முப்பது வருடமாக அக்கா இதற்குத் தலையாட்டிவிட்டுப் போகிறவர். நாங்களும் அப்படித்தான்.

அன்று போகவில்லை. மகளை ஒரு தடவை பார்த்தார். சாக்கை இறக்கி, கொழுந்து முழுவதையும் தரையில் விரித்திருந்த படங்கில் கொட்டினார். வெறும் சாக்கைத் தராசில் மாட்டினார். முள் கால் கிலோவைக்கூடத் தாண்டவில்லை.

"மழ பேஞ்சு மூனு நாளாச்சுங்கய்யா" என்றார். "இப்ப கழிங்க, பாப்போம்."

கணக்கப்பிள்ளை எதையும் கழித்து எழுதாமல் பேனாவை மூடினார். நானும் கொட்டி நிறுக்க என் சாக்கின் கட்டை அவிழ்த்தேன்.