அணைக்கக்கூடாத வண்டி

கிர்கிஸ்தானின் மலையூரான அட்-பாஷியில் முதல் பனி விழுந்ததும் ஆண்கள் கார் பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோய்விடுவார்கள். தினமும் வண்டி எடுப்பவர்கள் மாலையில் உள்ளே தூக்கிப்போய்க் காலையில் வெளியே கொண்டுவருவார்கள். வெளியே விட்டால் குளிரில் செத்துவிடும் என்பது அங்கே குழந்தைகளுக்கும் தெரியும்.

சைராகுலின் வீட்டில் தூக்குவதற்கு ஆண் இல்லை. அவள் கணவன் ஜோல்தோஷ் ரஷ்யாவின் வடக்கே, எண்ணெய்க் குழாய்களைப் பற்றவைக்கும் வெல்டிங் வேலைக்குப் போய் இரண்டு வருடமும் நான்கு மாதமும் ஆகியிருந்தன. கிளம்பிய அன்று காலையில் அவனே பேட்டரியைக் கழற்றி வந்து அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தான்.

"இத சூடா வச்சுக்கோ சைரா. குளிர் பட விட்டுடாத."

விடைபெறும்போது அவளிடம் அவன் சொன்னது அவ்வளவுதான். வாசலில் அவனுடைய அண்ணன்மாரும் அண்ணிமாரும் நின்றிருந்தார்கள். அத்தனை பேர் முன்னால் வேறு என்ன சொல்லியிருக்க முடியும்? வேறு எதையாவது சொல்ல நினைத்திருந்தானா என்பதும் அவளுக்குத் தெரியாது. பள்ளிக்கூடச் சமையலறையில் நூற்றைம்பது பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு தோல் சீவும்போது அதைப் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறாள்.

பேட்டரியைக் கம்பளித் துண்டின்மேல் வைத்து, பழைய ரஜாய் ஒன்றால் மூடினாள். அடுப்பில் வறட்டி அணையாமல் பார்த்துக்கொண்டாள். மார்ச் மாதத்தில் ஆட்டுக்குட்டிகள் பிறந்தால் அவையும் அந்த மூலைக்குத்தான் வரும். குட்டிகள் ஒரு வாரத்தில் தேறித் துள்ளிக்கொண்டு வெளியே போய்விடும். பேட்டரி மட்டும் அங்கேயே இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் போன் செய்வான். போன் முதலில் பெரியண்ணனிடம் போகும், பிறகு பிள்ளைகளிடம், பிறகு அண்ணி பாத்மாவிடம். கடைசியில் அவள் கைக்கு வரும்போது, அங்கே அவனுக்குப் பின்னால் யாரோ வேலைக்குக் கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள்.

"பேட்டரி சூடா இருக்கா?" என்று கேட்பான்.

"இருக்கு," என்பாள்.

அதற்குள் போன் துண்டாகிவிடும்.

போன வசந்தத்தில் அவள் யாருக்கும் சொல்லாமல் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டாள். பக்கத்து வீட்டு மெலிஸ், நரின் நகரத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் டாக்சிக்காரர். அவருடைய வண்டியில்தான் பழகினாள். நாற்பத்து மூன்று வயதில் தேர்வுக்குப் போய் இரண்டு முறை தோற்று, மூன்றாம் முறை தேறினாள். உரிமத்தை, மடித்து அடுக்கிய ரஜாய்களுக்கு அடியில் வைத்துவிட்டாள். சொந்தக் காரை மட்டும் தொடவில்லை. அது அவனுடையது. அதன் முதல் பயணம் அவனை அழைத்து வருவதாக இருக்க வேண்டும் என்று எப்போதோ மனதில் முடிவாகிவிட்டது.

இத்தனையும் எதற்காக என்று கேட்டால் அவளால் வெளியே சொல்ல முடியாது. ரஷ்யாவிலிருந்து ஒரு மனிதன் திரும்பினால் அந்த வீடு என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். ஆடு வெட்டுவார்கள். ஒன்றுவிட்ட, இரண்டுவிட்ட சொந்தமெல்லாம் வரும். நாள் முழுவதும் சாப்பாட்டு விரிப்பைச் சுற்றி ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். அவள் தேநீர் ஊற்றுவாள், போர்சோக் மாவுத்துண்டுகள் பொரிப்பாள், பாத்திரம் கழுவுவாள். அவன் விரிப்பின் தலைமாட்டில் உட்கார்ந்திருப்பான். கடைசி விருந்தாளி கிளம்பும்போது அவனும் கிளம்ப வேண்டியிருக்கும். நரினிலிருந்து கணவாயைத் தாண்டி அட்-பாஷிக்கு வருகிற அந்த நாற்பத்தைந்து கிலோமீட்டர் மட்டும்தான் மிச்சம். காரில் அவள் மட்டும் போய் அழைத்து வந்தால் அது அவள் பங்கு. அந்த ஒரு மணி நேரத்துக்குத்தான் அவள் ஆசைப்பட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமைப் போனில், வரும் வியாழக்கிழமை மதியம் நரினில் இறங்குவதாக அவன் சொன்னான். பன்னிரண்டு நாள் விடுப்பு.

புதன்கிழமை காலையில் சைராகுல் ரஜாயை விலக்கி, பேட்டரியை இடுப்பில் அணைத்துத் தூக்கிப்போனாள். முற்றத்து ஓரத்தில் நிற்கும் பழைய சரக்குக் கன்டெய்னர்தான் அவர்களுக்குக் கார்க் கொட்டகை. அதன் இரும்புக் கதவைத் திறந்து, பேட்டரியை வைத்து, கம்பிகளை முடுக்கினாள். பேட்டரியில் அடுப்பின் சூடு இன்னும் இருந்தது. சாவியைத் திருப்பினாள். டக் என்று ஒரு சத்தம். மறுபடி திருப்பியபோது அந்தச் சத்தமும் வரவில்லை.

மெலிஸ் வந்து பார்த்தார். மின்னழுத்தம் பார்க்கும் கருவியை வைத்து, அதன் முள்ளைத் தட்டிப் பார்த்தார்.

"எப்போ கடைசியா சார்ஜ் போட்ட?"

"சார்ஜா? சூடாத்தான் வச்சிருந்தேன் அண்ணே. ஒரு நாள் கூட குளிர விடல."

"சூடா வச்ச சரி. தீனி போட்டியா? ரெண்டு வருஷம் மூலையில குந்தவச்சா தானா காலியாகிப் போகும் தங்கச்சி. நீ இத ஆட்டுக்குட்டி மாதிரி வளத்திருக்க."

அவர் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் சொன்ன "இருக்கு" எல்லாம் நினைவுக்கு வந்தது. அத்தனையும் உண்மை என்று நினைத்துத்தான் சொன்னாள். சார்ஜ் போடும் பெட்டியை ஜோல்தோஷே போகும்போது பெரியண்ணனுக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். அது பாத்மா வீட்டுக் கொட்டகையில் கிடந்தது. கேட்டால் கொடுத்திருப்பார்கள். கேட்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியவில்லை. அவளுக்குத் தெரியாது என்று அவனுக்கும் தெரியவில்லை.

அந்தப் பெட்டியை வாங்கி வந்து இரவு முழுக்க மாட்டி வைத்தார்கள். காலையில் பார்த்தால் பேட்டரி துளிகூடச் சார்ஜ் ஏற்கவில்லை. உள்ளே தகடு போய்விட்டது என்றார் மெலிஸ். அட்-பாஷியில் அந்த அளவில் புதிது கிடைக்காது, நரினில்தான் வாங்க வேண்டும்.

"நானே போய் அவன ஏத்திட்டு வந்துடறேன். என் வண்டியில மூணு சீட்டு காலியாத்தான் இருக்கு. பெரியவரும் பாத்மாவும் வர்றேன்னு சொல்லியிருக்காங்க."

சைராகுல் காரைப் பார்த்தாள். பிறகு, "உங்க வண்டியில இருந்து கம்பி போட்டுக் கிளப்பினா ஓடுமா?" என்று கேட்டாள்.

"ஓடும். ஆனா அணைக்கக் கூடாது. அணைச்சா அவ்வளவுதான். அப்புறம் எவனாவது தள்ளணும், இல்ல இறக்கத்துல உருட்டணும்."

"அணைக்க மாட்டேன்."

மெலிஸ் அவள் முகத்தைப் பார்த்தார். தடித்த கம்பிகளை எடுத்து வந்து இரண்டு வண்டிகளையும் இணைத்தார். மூன்றாவது முயற்சியில் இரண்டு வருடப் புகையைக் கக்கிக்கொண்டு கார் உறுமியது.

சத்தம் கேட்டுப் பாத்மா பட்டுத் தலைத்துணி கட்டிக்கொண்டு தயாராக வந்துவிட்டாள். கொழுந்தன் மனைவி ஓட்டுநர் இருக்கையில் இருப்பதைப் பார்த்து இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"அடியே, நீ எப்படி இதுல? புருஷன் வர்றதுக்குள்ள பொண்டாட்டி டிரைவர் ஆயிட்டாளே. நகரு, நாங்களும் ஏறிக்கறோம்."

"ஏறுங்க அக்கா. பேட்டரி செத்துப்போச்சு. கணவாயில நின்னுட்டா எல்லாரும் இறங்கி பனியில தள்ளணும், பரவாயில்லையா?"

பாத்மா தன் புதிய காலணியைப் பார்த்தாள். மூட்டு வலியும் அப்போது ஞாபகம் வந்தது. ஆடு அறுக்க ஆள் வருகிற நேரம், வீட்டில் யாராவது இருக்க வேண்டாமா என்று சொல்லிக்கொண்டே புருஷனையும் கூட்டிக்கொண்டு உள்ளே போனாள். மெலிஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டு கம்பியைச் சுருட்டினார்.

நரினில் அவள் ஒரு மணி நேரம் காத்திருந்தாள். தலைநகர் பிஷ்கேக்கிலிருந்து அவன் வர வேண்டிய டாக்சி தாமதமானது. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது, பெட்ரோல் முள் இறங்கிக்கொண்டே இருந்தது. தேநீர் குடிக்கக்கூட இறங்கவில்லை. பேட்டரிக் கடை எதிர்வரிசையில்தான் இருந்தது. ஐந்து நிமிட வேலை. அதைப் பார்த்தாள், ஆனால் போகவில்லை. ஏன் போகவில்லை என்று அப்போது அவளுக்கே சரியாகத் தெரியவில்லை.

டாக்சியிலிருந்து இறங்கிய ஜோல்தோஷ் மெலிஸைத் தேடினான். இளைத்திருந்தான், காதோரம் நரைத்திருந்தது. பிறகு தன் காரைக் கண்டான். ஓட்டுநர் பக்கக் கதவுக்கு வந்து நின்றான். அவள் கண்ணாடியை இறக்கினாள்.

"நீயா ஓட்டிட்டு வந்த?"

"அந்தப் பக்கம் ஏறுங்க. அணைக்கக் கூடாது."

அவன் மூட்டைகளைப் பின்னால் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான். சாலை ஏறத் தொடங்கியது. எஞ்சின் சத்தம் அதிகமாக இருந்தது. பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டான், சொன்னாள். அண்ணனுக்கு ரத்த அழுத்தமாமே என்றான், ஆமாம் என்றாள். ஞாயிற்றுக்கிழமைப் போன் மாதிரியே இருந்தது. பின்னால் யாரும் கூப்பிடவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். பாதி வழி வந்துவிட்டது. இதற்காகவா இவ்வளவும் என்று நினைத்தாள்.

கணவாயின் உச்சி வந்தது. அதற்கு அப்பால் சாலை அட்-பாஷியை நோக்கி நேராக இறங்கும். கீழே வீடுகளின் புகை தெரிந்தது. அவள் ஓரமாக நிறுத்தி, கைப்பிரேக்கை இழுத்து, சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தாள்.

காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது.

"ஏன் அணைச்ச? அணைக்கக் கூடாதுன்னு நீதான சொன்ன?"

"பேட்டரி செத்துப்போச்சு. நான்தான் சாகவிட்டேன். சூடா இருந்தாப் போதும்னு நெனச்சுட்டேன்."

அவன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தான். "சார்ஜ் போடச் சொல்லாம விட்டது நான்," என்றான். "ஒவ்வொரு வாரமும் கேப்பேனே... பேட்டரியப் பத்தியா கேட்டேன்?"

அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தாள். "தெரியல. அதத்தான் ரெண்டு வருஷமா யோசிச்சிட்டிருக்கேன்."

"அது இல்ல சைரா."

அவளுடைய கோட்டுப் பையில் போன் அடித்தது. பாத்மா. எடுத்துக் காதில் வைத்தாள். ஆடு வெந்துவிட்டது, எல்லாரும் வந்தாயிற்று, எங்கே இருக்கிறீர்கள் என்று அந்தப் பக்கம் கேட்டார்கள்.

"வண்டி நின்னுபோச்சு அக்கா," என்றாள் சைராகுல். "வர நேரமாகும்."

ஜோல்தோஷ் எதிரே இறங்கிக் கிடந்த சாலையைப் பார்த்தான். பிரேக்கை விட்டு உருட்டினால் அடுத்த நொடி கிளம்பிவிடும் என்று அவனுக்குத் தெரியும். அவன் பிரேக் பக்கம் கையைக் கொண்டுபோகவில்லை.

"கையுறையக் கழட்டுங்க," என்றாள் அவள். "கையக் காட்டுங்க. பத்தவைக்கையில எங்கெங்க சுட்டுக்கிட்டீங்கன்னு பாக்கணும்."

அவன் வலது கையுறையை உருவினான்.