கிழிந்த வலை

எங்கள் கழிமுகத்தில் ஒரு மீனவர். வலையைக் கிழிக்கும் நீர்நாயை அவரைப் போல வாய் நிறையத் திட்டியவர் அங்கே இல்லை. ஒல்லியான ஆள். கால் கட்டைவிரலில் வலையை மாட்டிக்கொண்டு, திட்டிக்கொண்டேதான் கிழிசலைப் பின்னுவார்.

ஒருநாள் செத்துக் கிடந்த நீர்நாயை அவரே லாஸ்பேட்டையிலுள்ள எங்கள் ஆய்வகத்துக்குத் தூக்கி வந்தார். அறுத்துச் சோதித்தோம். கழிமுகத்தில் கழிவு விடும் ஆலையின் ரசாயனம், தினம் தின்ற மீனில் துளித்துளியாக இருந்தது, அதன் ஈரலில் குவிந்திருந்தது.

"அதே மீனத்தான சார் எம்புள்ளைங்களும் துன்னுது?" என்றார்.

அந்தக் கேள்வியோடு ஊரே ஆலை வாசலில் உட்கார்ந்தது. கழிவுக் குழாயை மூடவைத்தது. ஆனால் அதற்குள் கழிமுகத்தில் நீர்நாயே இல்லாமல் போயிருந்தது.

சில வருஷம் கழித்து வந்தவர், என் மேசைமேல் வலையை விரித்தார். நடுவில் பெரிய ஓட்டை.

"வந்துடுச்சி சார்! குட்டியோட வந்து கிழிச்சிட்டுப் போயிருக்கு, கழுத!"

அந்த ஓட்டையை மட்டும் அவர் பின்னவேயில்லை. வலை அவர் வாசலில் வெற்றிக்கொடி போலத் தொங்குகிறது. திட்டு மட்டும் இன்னும் நிற்கவில்லை.