இல்லாத நாயின் நிறம்

ஒதியம்பட்டு ஆரோக்கியசெல்வியைப் பற்றி அவருடைய அம்மா அம்சவள்ளி சொல்லும் குறை ஒன்றே ஒன்றுதான். "இவளுக்கு ஒரு பதில் பத்தாது." தக்காளி நல்ல தக்காளி என்று கடைக்காரர் சொன்னால், எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்ட பிறகுதான் பையை நீட்டுவார். கரும்பு வெட்டப் போன அப்பா அம்மாவுக்குப் பிறந்து, உளவியல் படித்து, நாற்பத்திரண்டு வயதில் தினமும் ஸ்கூட்டியில் புதுச்சேரிக்கு வேலைக்குப் போய் வருகிறார். சிறார் நீதிக் குழுமம் கூப்பிடும்போது பிள்ளைகளைப் பரிசோதித்து அறிக்கை கொடுப்பதும் அவர் வேலைகளில் ஒன்று.

பதினாறு வயது முடிந்த பிள்ளை பெரிய குற்றம் ஒன்றில் மாட்டிக்கொண்டால், அவனைப் பெரியவர்களைப் போல விசாரிக்கலாமா, சிறுவனாகவே விசாரிக்க வேண்டுமா என்று குழுமம் முதலில் முடிவு செய்ய வேண்டும். அவன் செய்தானா இல்லையா என்பது அப்போது கேள்வி அல்ல. செய்திருந்தால், அதன் விளைவைப் புரிந்துகொள்ளும் மனம் அவனுக்கு இருந்ததா என்பதுதான் கேள்வி. அதைப் பார்த்துச் சொல்லத்தான் ஆரோக்கியசெல்வி போவார்.

இரண்டு வருடங்களுக்கு முன்பு அவரிடம் வந்தவன் பாகூர்ப் பக்கத்துப் பையன். பதினேழு வயது. அவன் பெயரைச் சட்டப்படி சொல்லக்கூடாது. ராமு என்று வைத்துக்கொள்வோம். பெரியவர்கள் இரண்டு பேரோடு பைக்கில் போனான். சாலையில் நடந்து வந்த ஒரு பெண்ணின் செயினை அறுத்தார்கள், கத்தி அவர் கையைக் கிழித்தது. கத்தி வைத்திருந்தது பையன்தான் என்று மற்ற இருவரும் சொன்னார்கள். போலீஸ் அவனைக் கேட்டபோது அவனும் "ஆமா" என்றான்.

வழக்கு முடியும்வரை பிள்ளைகளை வைத்திருக்கும் கூர்நோக்கு இல்லத்து அறையில் இரண்டு மணி நேரம் அவனோடு உட்கார்ந்தார். பயமில்லாமல், மரியாதையாகப் பேசினான்.

"திருடறது தப்புன்னு தெரியுமா தம்பி?"

"தெரியும் மேடம்."

"மாட்டுனா இன்னா ஆவும்?"

"ஜெயில்ல போடுவாங்க மேடம்."

"வக்கீல் இன்னா பண்ணுவாருன்னு புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது மேடம்."

அறிவுத்திறன் சோதனையில் அவன் மதிப்பெண் வயதுக்குச் சற்றுக் குறைவாகத்தான் வந்தது. அதை மட்டும் வைத்து எதுவும் சொல்லிவிட முடியாது. சரி தவறு தெரிகிறது, தண்டனை தெரிகிறது என்று பாதி அறிக்கையை எழுதியும் விட்டார். எழுதிக்கொண்டிருக்கும்போதுதான் ஒன்று உறுத்தியது. அந்த இரண்டு மணி நேரத்தில் அவன் ஒரு தடவைகூடத் "தெரியாது" என்று சொல்லவில்லை. பதினேழு வயதுப் பையன்கள் உட்கார்ந்த பத்தாவது நிமிடமே அலுத்துப்போய் "தெரியாது" என்று சொல்லத் தொடங்கிவிடுவார்கள். இவன் கடினமான சொற்களுக்கும் ஏதோ ஒரு அர்த்தம் சொன்னான். அர்த்தம் தவறு, ஆனால் பதில் மட்டும் உடனே வந்தது.

மதிப்பீட்டை முடிக்கச் சட்டம் தரும் மூன்று மாதக் கெடுவில் பதினோரு நாள்தான் பாக்கி இருந்தது. இன்னொரு முறை பார்க்க வேண்டும் என்று குழுமத்திடம் கேட்டு வாங்கினார். அதற்கு முன் பாகூருக்கு பஸ் ஏறி, பையனின் அம்மா கஸ்தூரியைத் தேடிப் போனார். நடவு முடித்து வந்த கஸ்தூரி, காலில் சேறு காயாமல் வாசலிலேயே நின்றபடி பேசினாள்.

"அவன் சின்னதுலேந்து இல்லன்னு ஒரு வார்த்த சொல்லி நான் கேட்டதில்ல மேடம். இன்னா சொன்னாலும் சரிம்மாம்பான். ஒம்பதாவதுல வாத்தியாருதான், படிக்கவே வரல, வூட்லயே வெச்சுக்கோன்னு அனுப்சிட்டாரு."

"வீட்ல எதுக்காவது கோவப்படுவானா?"

"எங்க மேடம்!" என்றவள், குரலை இறக்கினாள். "அவன மெண்டல்னு எழுதிடுவீங்களா? ஜெயிலுன்னா கூட நாலு வருசத்துல வந்துடுவான். மெண்டல்னு பேரு வந்துட்டா காலத்துக்கும் போவாது. அவனுக்கு ஒரு தங்கச்சி கீறா."

எழுத மாட்டேன் என்றும் அவரால் சொல்ல முடியவில்லை, எழுதுவேன் என்றும் சொல்ல முடியவில்லை. "இருக்கறத எழுதுவேம்மா" என்று மட்டும் சொன்னார்.

இரண்டாவது சந்திப்பில் ராமுவுக்கு ஒரு சின்னக் கதை படித்துக் காட்டினார். ஏரிக்கரையில் ஓர் அம்மா பஸ்ஸுக்கு நிற்கிறார். பை கிழிந்து வெங்காயம் உருள்கிறது. வழியில் போனவர் பொறுக்கிக் கொடுக்கிறார். பஸ் வருகிறது. அவ்வளவுதான் கதை.

"அந்த நாய் என்ன நிறம்?"

"கறுப்பு மேடம்."

புருவத்தைச் சுருக்கிக்கொண்டு, "நல்லா யோசிச்சு சொல்லு" என்றார்.

"வெள்ள மேடம். வெள்ளதான்."

கேட்ட இருபது கேள்விகளில் பதினான்குக்கு அவன் பதில் இப்படி வளைந்தது. அவன் பொய் சொல்வதாக அவருக்குத் தோன்றவில்லை. கேள்வித்தாளை ஓரமாக வைத்தார்.

"ராமு, இந்தக் கதையில நாயே கிடையாது."

அவன் வெட்கப்படவில்லை, சிரித்தான். "நீங்க கேட்டீங்க இல்ல மேடம், அப்ப இருக்கும்னு நெனச்சேன்."

"அப்பறம் ஏன் வெள்ளைன்னு மாத்துன?"

"ஒங்க மூஞ்சி மாறுச்சு."

அதற்கு மேல் ஆரோக்கியசெல்வியால் சும்மா இருக்க முடியவில்லை. மூஞ்சியில் எதைப் பார்ப்பாய் என்று கேட்டார். கைத்தொழிலை விளக்குவதுபோல அவன் சொல்லிக்கொண்டே போனான். புருவம் ஏறினால் தப்பு. பேனாவை மூடினால் சரி. மூச்சை இழுத்துவிட்டால் அடி விழப் போகிறது. வகுப்பில் என்ன சொல்கிறார்கள் என்றே புரியாதபோது, முகத்தைப் பார்த்துத்தான் ஒன்பதாவது வரை வந்தானாம். அவர் நாலு பக்கம் எழுதினார், மதியச் சாப்பாட்டையே மறந்தார். இது குறையா, திறமையா என்று அன்று அவருக்கு விளங்கவில்லை. இன்றும் முழுதாக விளங்கவில்லை என்பார்.

கத்தி யார் கையில் இருந்தது என்ற கேள்வி அவர் நாக்கு நுனி வரை வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பி, முகம் காட்டாமல் கேட்டால் உண்மை வந்துவிடும் என்று தோன்றியது. ஆனால் அது விசாரணையில் கேட்க வேண்டிய கேள்வி, மதிப்பீட்டில் கேட்பதல்ல. விழுங்கிக்கொண்டார். தெரிந்துகொள்ள அவ்வளவு ஆசைப்பட்டு அவர் கேட்காமல் விட்ட கேள்வி அது ஒன்றுதான்.

அறிக்கையில் 'மெண்டல்' என்ற சொல்லோ, அதற்குப் பதிலாக நாகரிகமான சொல்லோ இல்லை. 'கேட்பவர் எதை விரும்புகிறாரோ அதையே பதிலாகத் தருகிறான். தான் செய்வதன் விளைவையும், தன்மீதான வழக்கையும் ஓரளவே புரிந்துகொள்கிறான்' என்று எழுதினார்.

குழுமம் கூடிய அன்று உறுப்பினர் குழந்தைவேல் அறிக்கையைப் புரட்டிவிட்டு, "தண்டனை என்னன்னு சரியா சொல்லியிருக்கானே மேடம்? இதுல சந்தேகம் எங்க வருது?" என்று கேட்டார்.

"நீங்களே கேட்டுப் பாருங்க சார். 'புரிஞ்சுதா'ன்னு மட்டும் கேக்காதீங்க. என்ன புரிஞ்சுதுன்னு கேளுங்க."

தலைவராக இருந்த பெண் மாஜிஸ்திரேட் பையனை அருகில் அழைத்தார். "உன்மேல என்ன வழக்குன்னு போன தடவை படிச்சுக் காட்டினோம். புரிஞ்சுதாப்பா?"

"புரிஞ்சுதும்மா."

"என்ன புரிஞ்சுது? உன் வார்த்தையில சொல்லு."

ராமு மாஜிஸ்திரேட்டின் முகத்தைப் பார்த்தான். பிறகு குழந்தைவேலைப் பார்த்தான். அங்கே ஒன்றும் கிடைக்காமல் ஆரோக்கியசெல்வி பக்கம் திரும்பினான். அவர் குனிந்து கைப்பைக்குள் எதையோ தேட ஆரம்பித்தார். பைக்குள் தேட ஒன்றுமில்லை.



"தெரியலம்மா" என்றான். அதைச் சொல்லும்போது அவன் கண் கலங்கியிருந்தது.

வழக்கு பெரியவர்களின் நீதிமன்றத்துக்குப் போகாமல் குழுமத்திலேயே நிற்கும் என்று உத்தரவானது. இனி எதையும் சின்னச் சின்ன வாக்கியமாகச் சொல்லி, அவன் வாயாலேயே திருப்பிச் சொல்ல வைத்த பிறகுதான் மேலே போக வேண்டும் என்றும் எழுதினார்கள். விசாரணையில் செயினைப் பறிகொடுத்த பெண் வந்து, கத்தி காட்டியவன் பின்னால் உட்கார்ந்திருந்த பெரியவர்களில் ஒருவன், வண்டி ஓட்டிய பையன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்றார். வண்டி ஓட்டிப் போன குற்றம் குற்றம்தான். அதற்காக இரண்டு வருடம் நன்னடத்தைக் கண்காணிப்பில் அம்மாவோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். மாதம் ஒரு முறை மனநல ஆலோசனைக்கும் வரச் சொன்னார்கள்.

கஸ்தூரி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள். ஆரோக்கியசெல்விக்குத்தான் மனம் ஆறவில்லை. தான் எழுதிய பழைய அறிக்கைகளை எல்லாம் எடுத்து, குறிப்புகளோடு முதலிலிருந்து படித்தார். பத்தொன்பது பிள்ளைகள். அதில் நான்கு பேர் ஒரு இடத்தில்கூடத் தெரியாது என்று சொல்லியிருக்கவில்லை. நான்கு பேருக்குமே 'நன்றாகப் புரிந்துகொள்கிறான்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

குழுமத்திடம் அனுமதி வாங்கி அந்த நால்வருக்கும் தகவல் அனுப்பினார். பதில் சொன்னது ஒருவர்தான். அரியாங்குப்பத்தில் இரு சக்கர வண்டி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறார், வயது இருபத்துநாலு. ஒரு சனிக்கிழமை காலை ஆரோக்கியசெல்வி அங்கே போய் நின்றார்.

"எல்லாம் முடிஞ்சு போச்சே மேடம். இப்ப இன்னாத்துக்கு?" என்றார் அந்த இளைஞர்.

"உங்களை அன்னிக்கு நான் சரியா கேட்டேனான்னு தெரிஞ்சுக்கணும்."

அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, உட்காரச் சொல்லி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.